மாத்திரைக்கும் ஷிப்ட் உண்டா?

கைக்குழந்தைக்காரிகளுக்குக் குழந்தை பிறந்து 6 மாதம் வரை 'மாலா-என்' ஆகாது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் தாய்ப்பாலைக் குறைக்கலாம். அவர்களுக்கு ஏற்றது புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள கருத்தடை மாத்திரை. நல்ல மாத்திரைதான். ஆனால் நேரம் தவறினால் கைவிட்டுவிடும்!

பழைய வகைக்கு 3 மணி நேரம்தான் கெடு. டெசோஜெஸ்ட்ரல் வகைக்கு 12 மணி நேரம். கோவை மில்களில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என மாறிமாறிப் போகும் பெண்கள், "எந்திரிச்சதும் போட்டுக்கலாம்" என்று இருந்தால் கணக்கு உதைக்கும். ஷிப்ட் மாறலாம், மாத்திரை நேரம் மாறக்கூடாது. இடைவெளியும் கிடையாது. அட்டை தீர்ந்த மறுநாளே புது அட்டை.

கெடு தாண்டிவிட்டதா? ஞாபகம் வந்ததும் ஒன்று போடவேண்டும். அடுத்த 7 நாள் கணவர் நிரோத் போடவேண்டும். டி.பி., வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். அவற்றில் சில மருந்துகள் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

மருந்துக் கடைக்காரர்கள் அட்டையைக் கவரில் போட்டு நீட்டினால் போதாது. "தினமும் ஒரே நேரம், அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதற்கென்ன காசா, பணமா?

நேரம் ஒத்துவராதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் 'அந்தரா' ஊசி இருக்கிறது. 3 மாதத்துக்கு ஒன்று. இலவசம். கேட்க வெட்கப்பட வேண்டாம்!