ஐந்தாவது கோழிக்கும் ஒரு பெயர்



வீட்டு வளவில் நான்கைந்து கோழிகள் வளர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. ஆயினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து முட்டை விலை உயர்ந்து, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை நாட்டிற்கு ஏற்பட்டபோது, எங்கள் ஊரில் பாழடைந்து கிடந்த கோழிக்கூடுகள் சில மீண்டும் திருத்தப்பட்டன. எங்கள் வீட்டுக் கூடும் அவற்றுள் ஒன்று. அந்தக் கூட்டிற்குக் கோழி தெரிவு செய்யச் சென்ற நாளும், அதன் பின்னர் நிகழ்ந்தவையும் எனக்குக் கற்பித்த பாடமொன்றை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கோழி தெரிவு செய்வதில் என் தாயார் கைதேர்ந்தவர். அயற் கிராமத்தில் ஊர்க்கோழி விற்கும் ஒரு வீட்டிற்கு அவரையும் எட்டு வயது மகளையும் அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு பேட்டையும் கையில் ஏந்தி, கண் தெளிவாக இருக்கின்றதா, கொண்டை சிவந்திருக்கின்றதா, இறகு மினுங்குகின்றதா, கால்கள் துப்புரவாக உள்ளனவா என்று பார்த்தார். பின்புறத்து எலும்புகள் இரண்டிற்கும் இடையே இரண்டு மூன்று விரல்களை வைத்துப் பார்த்தார். அந்த இடைவெளி அகன்றிருந்தால் அது முட்டையிடும் பேடு என்பது அவருடைய கணக்கு. இவ்வாறு அரைமணி நேரம் ஆராய்ந்து நான்கு கோழிகளைத் தெரிந்தெடுத்தார்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்படும் வேளையில், வேலியோரத்தில் ஒதுங்கி நின்ற ஒரு சிறு கோழியை மகள் கண்டாள். ஏனைய கோழிகள் கொத்திக் கொத்தி அதன் கழுத்தில் இறகே இல்லை. ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தது. அதையும் வாங்கும்படி அவள் கெஞ்சினாள். விற்ற அம்மா சிரித்துக்கொண்டே, "இது தேறாது பிள்ளை. ஆனால் ஆசைப்படுறீர், கொண்டுபோம். இதுக்குக் காசு வேண்டாம்" என்று கூறி எங்கள் கூடைக்குள் போட்டார். நான்கு வாங்கியவருக்கு ஐந்தாவது இனாம்.

வீடு வந்ததும் பெயர்சூட்டு விழா தொடங்கியது. முதற் கோழிக்குத் 'தெரேசா' என்று பெயர் வைக்க மகள் முற்பட்டாள். "அது பிள்ளையளுக்கு ஞானஸ்நானத்தில வைக்கிற பேர். கோழிக்கு வைக்கிறதோ?" என்று அப்பம்மாவிடமிருந்து உடனே கண்டனம் எழுந்தது. ஆகவே செம்பி, கறுப்பி, புள்ளி, வெள்ளைச்சி என நிறத்திற்கேற்பப் பெயர்கள் இடப்பட்டன. இனாமாக வந்த சிறு கோழிக்குச் 'சிட்டு' என்று பெயர் வந்தது. "அப்பம்மா, நீங்களும் ஒருக்காக் கூப்பிடுங்கோ" என்று மகள் கேட்டபோது, என் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேர் வைச்சால், பிறகு பேரைச் சொல்லி அழவும் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது, நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். அன்று எங்களிடம் ஏழு கோழிகள் இருந்தன. ஏழிற்கும் அம்மா பெயர் வைத்திருந்தார். தூக்கிக்கொண்டு போக வழியில்லை. கூட்டின் கதவைத் திறந்து, இருந்த அரிசியையெல்லாம் முற்றத்தில் கொட்டிவிட்டு அவர் வெளியேறினார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூடும் இல்லை, கோழிகளும் இல்லை. அதன் பின்னர் அவர் கோழிகள் வளர்த்ததுண்டு. ஆனால் எந்தக் கோழிக்கும் பெயர் வைத்ததில்லை.

அன்பார்ந்தவர்களே, இது ஒரு தாயின் கதை மட்டுமன்று. இழந்து பழகிய நம் மக்களின் உள்ளத்தில் மெல்ல வேரூன்றிய ஒரு மனநிலை இது. நெருங்கினால் வலிக்கும், ஆகவே நெருங்காதிருப்போம். பெயர் தெரிந்தால் பொறுப்பு வரும், ஆகவே பெயர் கேளாதிருப்போம். இம்மனநிலையை நான் பழிக்கவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. எனினும், கிறிஸ்தவர்களாகிய நாம் அதிலேயே தங்கிவிடலாமா என்பதே என் கேள்வி.

திருவிவிலியத்தின் தொடக்கத்திலேயே பெயரிடும் பணி மனிதனிடம் ஒப்படைக்கப்படுகின்றது. கடவுள் தாம் உருவாக்கிய விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவருகின்றார். அவற்றிற்கு அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கின்றார் (தொடக்கநூல் 2:19-20). பெயரிடுதல் உரிமை கொண்டாடுவது மட்டுமன்று, பொறுப்பேற்பதுமாகும். நம் பிள்ளைகளின் திருமுழுக்குச் சடங்கும் பெயரோடுதான் தொடங்குகின்றது. பிள்ளைக்கு என்ன பெயர் இடுகின்றீர்கள் என்பதே குருவானவர் பெற்றோரிடம் கேட்கும் முதற் கேள்வி. பெயரைச் சொன்ன வாயாலேயே, இப்பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று பெற்றோர் வாக்களிக்கின்றனர்.

சரி, பெயர் சொல்லி அழைத்தவர் இழக்க நேர்ந்தால்? இங்கேதான் என் தாயாரின் சொல் என்னை நற்செய்தியிடம் அழைத்துச் சென்றது. லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், எருசலேமை நோக்கிப் பயணம் செய்யும் இயேசு அந்நகரின் பெயரை இருமுறை சொல்லிப் புலம்புகின்றார். கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைப்பதுபோல அதன் மக்களை அணைக்கத் தாம் எத்தனையோ முறை விரும்பியும், அவர்கள் விரும்பவில்லை என்கின்றார். பின்னர் நகரை நெருங்கிப் பார்த்தபோது அதற்காக அழுகின்றார் (லூக்கா 19:41). ஆம், பெயர் வைத்தவர் பெயரைச் சொல்லி அழவும் வேண்டும். ஆண்டவர் அதையே செய்தார். அழ நேருமென்று அறிந்தும் அழைப்பதை அவர் நிறுத்தவில்லை.

எருசலேமின் ஒலிவ மலைச் சரிவில் 'ஆண்டவர் அழுதார்' என்னும் பொருள்பட இலத்தீனில் பெயர் பெற்ற சிற்றாலயம் ஒன்று உண்டு. அந்தோனியோ பர்லுச்சி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயம் கண்ணீர்த்துளியை நினைவூட்டும் வடிவிலேயே அமைந்துள்ளது. அதன் பீடத்தின் முன்புறத்தில் இறக்கைகளை விரித்து நிற்கும் ஒரு கோழியும், அதன் கீழ் ஒதுங்கிய குஞ்சுகளும் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. சிங்கத்தையோ கழுகையோ அன்றி, நம் முற்றத்துக் கோழியையே ஆண்டவர் தம் அன்பிற்கு உவமையாகக் கொண்டார். பிராந்து வட்டமிடும்போது தாய்க்கோழி செய்வதை நாம் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! அதற்குப் பற்களில்லை, கூரிய நகங்களால் வெல்லும் வலிமையுமில்லை. தன் உடலையே குஞ்சுகளுக்கு மேல் கூரையாக்குகின்றது. சிலுவையில் விரிந்த கரங்கள் நமக்குச் சொல்வதும் இதுவே.

இனி அந்த ஐந்தாவது கோழிக்கு வருவோம். இரண்டு குருவிகள் ஒரு காசுக்கு விற்கப்படுவதாக மத்தேயு எழுதுகின்றார் (10:29). லூக்காவோ, இரண்டு காசுக்கு ஐந்து என்கின்றார் (12:6). கணக்குப் பார்த்தால் இரண்டு காசுக்கு நான்கு தானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி, நான்கு வாங்கியவருக்கு விலையின்றிச் சேர்த்துக் கொடுக்கப்பட்டதென்று கொள்ளலாம். சந்தையில் மதிப்பே இல்லாத அக்குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்பதே ஆண்டவர் தரும் செய்தி. என் மகள் இவ்வசனத்தை அறிந்து அந்தப் பெயரை வைக்கவில்லை. ஆனால் 'சிட்டு' என்று அவள் அழைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஐந்தாவது குருவியே நினைவிற்கு வருகின்றது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விலங்குகளை மனிதருக்கு இணையாக்குவது நம் திருச்சபையின் போதனை அன்று. விலங்குகளுக்கு நாம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும், அவற்றை உணவிற்குப் பயன்படுத்தலாம் என்றும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றிடம் திருப்பலாகாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகின்றது. ஆகவே பெருநாளுக்குக் கோழி சமைப்பது குற்றமன்று. ஆனால் பிள்ளை பெயர் வைத்து வளர்த்த கோழியை அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அறுத்துவிட்டு, ஓடிவிட்டதென்று பொய் சொல்வது குற்றம். எது சமையலுக்கு, எது முட்டைக்கு என்பதை முதல் நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கொடுத்த வாக்கைக் காக்கும் பழக்கம் சிறிய காரியங்களிலேயே தொடங்குகின்றது.

கோழியிலிருந்து மனிதருக்குத் தாவுகின்றேன் என்று எண்ணாதீர்கள். குருவியிலிருந்து மனிதருக்கு வந்தவர் இயேசுவே. குருவிகள் பலவற்றிலும் நாம் மேலானவர்கள் என்று சொன்னவரும் அவரே. அப்படியானால் நம்மைக் கேட்டுக்கொள்வோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஆலய முற்றத்தைக் கூட்டும் முதியவரை நாம் எப்படி அழைக்கின்றோம்? புதிதாக நம் பங்கில் குடியேறிய குடும்பத்தை இன்னும் 'வந்தவர்கள்' என்றுதானே சொல்கின்றோம்? புதுக் கோழிகளைப் பழைய கூட்டத்தோடு உடனே விட்டால், பழையவை கொத்தி விரட்டும். அதனால் நோய் உண்டா என்று பார்க்கச் சில வாரங்கள் தனியே வைத்து, பின்னர் இருட்டியதும் கூட்டிற்குள் மெல்லச் சேர்ப்பார்கள். கோழிக்குக் காட்டும் இந்தப் பொறுமையையேனும் மனிதருக்குக் காட்ட வேண்டாமா?

முகாம்களில் குடும்ப அட்டை இலக்கங்களாக வாழ்ந்த நாட்களை நம்மில் பலர் அறிவர். பெயரில்லாமல் எண்ணப்படுவதன் வலி நமக்குப் புதிதன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் ஏந்தியே வீதியில் அமர்ந்தனர். தொகையைச் சொல்வோர் பலர். பெயரைச் சொல்வோர் அத்தாய்மாரே. அவர்களுக்கு அருகில் சென்று, "உங்கள் பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டு, அப்பெயரை நம் செபத்தில் சேர்ப்பதற்கு நமக்கு என்ன தடை?

நாடுகடத்தப்பட்டு நொந்திருந்த மக்களுக்கே எசாயா இறைவாக்கினர் வழியாகக் கடவுள், தாம் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததாகவும், அவர்கள் தமக்கே உரியவர்கள் என்றும், நீரைக் கடக்கும்போது தாம் உடனிருப்பதாகவும் உறுதியளித்தார் (எசாயா 43:1-2). உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி அழுதுகொண்டிருந்த மகதலா மரியா, அவர் தன் பெயரைச் சொல்லி அழைத்ததும் அவரை அறிந்துகொண்டார் (யோவான் 20:16). பெயரைச் சொல்லி அழைக்கும் அன்பைச் சாவும் முடித்துவைப்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு நான் கூட்டின் கொக்கியைச் சரியாகப் போடாமல் உறங்கிவிட்டேன். மரநாய் வந்து வெள்ளைச்சியைக் கொண்டுபோய்விட்டது. காலையில் முற்றமெங்கும் வெள்ளை இறகுகள். மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். "நான் அப்பவே சொன்னேன்தானே" என்று என் தாயார் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பேத்தியை மடியில் இருத்தி, 1995இல் விட்டு வந்த ஏழு கோழிகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எது முதலில் அடை கிடந்தது, எது வேலி பாயும், எது கையில் வந்து தின்னும் என்பதையும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை.

அன்று மாலை கூடு அடைக்கும் நேரம், கொக்கியைப் பார்க்க நான் வெளியே வந்தேன். அம்மா எனக்கு முன்னரே அங்கு நின்றார். செம்பியும் கறுப்பியும் புள்ளியும் உள்ளே போய்விட்டன. இருட்டிக்கொண்டு வந்த வேலியோரத்தைப் பார்த்து, "சிட்டு, வா பிள்ளை" என்று அவர் அழைத்துக்கொண்டிருந்தார்.

செபிப்போம்:

எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, இழப்பிற்கு அஞ்சி அன்பை ஒளித்துக்கொண்ட எங்கள் உள்ளங்களைத் திறந்தருளும். விலையற்றவர்கள் என்று பிறர் ஒதுக்கியவர்களின் பெயர்களை நாங்கள் கேட்டறியவும், காணாமற் போனோரை மறவாதிருக்கவும், எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிருக்கும் பொறுப்புள்ளவர்களாய் வாழவும் வரமருளும். உமது இறக்கைகளின் நிழலில் எங்கள் குடும்பங்களைக் காத்தருளும். ஆமென்.