கள்ளியும் பூச்சியும்

தூத்துக்குடிக் கடற்கரை நாட்டில் உப்பளங்களைத் தாண்டி நடந்தால், மணல்வெளிகளில் சப்பாத்திக்கள்ளி தென்படும். மஞ்சள் மலரும் செந்நிறக் கனியும் உடைய அச்செடியில் சில வேளை வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் ஒன்று காணப்படும். விரலால் நசுக்கினால் இரத்தம்போல் சிவக்கும். அதுவே கொச்சினீல் பூச்சி.

இவ்விரண்டையும் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்நியர்கள். கள்ளி வேரூன்றி நிற்பது. பெண் பூச்சியோ சிறகின்றி, ஒட்டிய இடத்திலேயே சாறு குடித்து ஆயுளைக் கழிப்பது. ஒன்றுக்கு முள் கவசம். மற்றொன்றுக்கு மெழுகுப் போர்வை. மாட்டையும் மனிதனையும் விரட்டும் முள், கடுகத்தனை பூச்சியிடம் தோற்றுவிடுகிறது!

செஞ்சாய வியாபாரத்தை ஸ்பெயின் தேசத்தாரிடமிருந்து கைப்பற்றக் கும்பினியார் ஆசை கொண்டனர். 1795-ல் காப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்ததோ உயர்ந்த மெக்ஸிகோ இனமன்று. மட்டமான வேறோர் இனம். சாய வியாபாரம் பலிக்கவில்லை. அந்தப் பூச்சி ஒருவகைக் கள்ளியை மட்டும் தின்று அழித்தது. மற்றொரு வகையைத் தீண்டவேயில்லை. தீண்டப்படாத அக்கள்ளி தென்னாட்டு வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் வளைத்துக்கொண்டது. வெட்டிப் போட்டாலோ, விழுந்த துண்டெல்லாம் வேர்விட்டது.

1926-ல், நமக்கு எதிர்க்கரையான இலங்கையிலிருந்து அதற்கேற்ற பூச்சியினத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு வருஷங்களில் ஏறக்குறைய 1 லட்சம் ஏக்கர் நிலம் விடுதலை பெற்றது. குடியானவனின் பயிர் எதையும் அது தொடவில்லை.

ஆயினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. மடகாஸ்கர் தீவின் தென்பகுதி மக்கள் வறட்சிக் காலத்தில் தம் மாடுகளைக் கள்ளியைக் கொண்டே காத்துவந்தனர். 1924-ல் பிரெஞ்சு ஆட்சியின்போது அங்கே கொச்சினீல் விடப்பட்டது. கள்ளி மடிந்தது, மாடுகள் மடிந்தன, பிறகு பஞ்சம் வந்தது.

இன்று நம் ஜில்லாவில் கள்ளியின் இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்திருக்கிறது. இதற்கும் ஒரு பூச்சி கிடைக்காதா என்று கேட்பவர் உண்டு. கேட்பது நியாயமே. ஆனால் அம்மரத்தை விறகாகவும் கரியாகவும் விற்று அடுப்பெரிக்கும் ஏழைக் குடும்பங்களும் இங்கே உண்டு. பூச்சி எதைத் தின்னும் என்பதோடு, அது தின்றபின் யார் பட்டினி கிடப்பார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்தறிவதுதான் அறிவுடைமை என்பது நம் அபிப்பிராயம்.