ஊர் தேர்ந்தெடுத்த தலைவரை ஒதுக்கலாமா?

மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திராவை ‘மேரா யுவ பாரத்’ ஆக்கியதில் பெயரைப் பற்றித்தான் இதுவரை அதிகம் பேசப்பட்டிருக்கிறது. பெயர் மாற்றம் கண்டிக்கத்தக்கதே. ஆனால், அதைவிடப் பெரிய பறிப்பு ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. ஊர் கூடித் தேர்ந்தெடுத்த இளைஞர் மன்றத் தலைவரை ஓரமாக நிறுத்திவிட்டு, கைபேசி எண்ணைக் கொடுத்து இணையதளத்தில் பதிந்துகொண்ட தனிநபரை நோக்கித் திட்டம் திரும்பிவிட்டது.

1972-இல் கேந்திரா தொடங்கப்பட்டபோது அதன் கண் இருந்தது கல்லூரி மாணவர்மீது அல்ல. படிப்பை விட்டுவிட்டு ஊரில் நிற்கும் கிராமத்து இளைஞர்மீது. அவர்களைச் சேர்த்த இடம் மன்றம். பொதுக்குழு கூடும், தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வாவார்கள், தீர்மானம் நோட்டில் ஏறும். பதிவுபெற்ற மன்றமென்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குப் படிவம் 7 போக வேண்டும். விளையாட்டு விழாவுக்கு வசூலித்த பணம் என்ன ஆயிற்று என்று தன் வயதுக்காரன் எழுந்து கேட்பான்; இருபத்திரண்டு வயதுத் தலைவர் நின்று பதில் சொல்லியாக வேண்டும். 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, இந்தப் பழக்கத்தோடுதான் பலர் வார்டு உறுப்பினராக நின்றார்கள்.

சில ஊர்களில் சாதியும் கட்சியும் மன்றத்தைப் பிடித்துக்கொண்டதை மறைப்பதற்கில்லை. மகளிர் மன்றம் பெயருக்கு இருந்த ஊர்களும் உண்டு. அங்கும்கூட, அடுத்த பொதுக்குழுவில் தட்டிக்கேட்க ஓர் இடம் இருந்தது. இணையதளத்தில் அந்த இடம் எது? நிகழ்ச்சிக்கு அழைப்பு வருகிறது, போய் நிற்கிறார்கள், சான்றிதழ் கிடைக்கிறது. யார் அழைத்தது, எதற்கு, என்ன செலவு என்று கேட்க ஊரில் யாருமில்லை. மன்றங்களும் அதே தளத்தில் பதியலாமே என்று சமாதானம் சொல்கிறார்கள். பதிந்துகொள்வது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு. ஐம்பது ஆண்டுகள் திட்டத்தின் அச்சாணியாக இருந்த மன்றத்தை, பட்டியலில் ஒரு வரியாக ஆக்கிவிட்டு இப்படிப் பேசுவது அநியாயம்.

டெல்லியில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2003 இளைஞர் கொள்கை 13 முதல் 35 வயதுவரை இளைஞர் என்றது. 2014-இல் அதை 15 முதல் 29 என்று சுருக்கினார்கள். முப்பதைத் தாண்டிய, ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கும் அனுபவசாலித் தலைவர்கள் ஒரே கையெழுத்தில் கணக்கிலிருந்து போனார்கள். அவர்கள் இடத்துக்கு அடுத்தவரைத் தயார்செய்ய அவகாசம் தரப்பட்டதா? பிறகு, எட்டுத் திட்டங்களை ஒரே தலைப்பில் இணைத்தார்கள். தேசிய இளைஞர் தொண்டர் என்று நியமித்த பிள்ளைகளை மாதம் 5,000 ரூபாயில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் அலையவிட்டு, தொழில் பழகும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாவட்ட அலுவலகங்களில் காலியிடங்களை நிரப்பாமல் இழுத்தடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கிராமத்து மன்றத்தைக் கேட்காமலேயே முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இழப்பு மன்றத்துக்குத்தான் வந்தது. இதற்குப் பெயர் சீர்திருத்தம் என்றால் அந்தச் சீர்திருத்தம் நமக்கு வேண்டாம்.

இளைஞர் மேம்பாட்டுக்கென்றே 1993-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டது. மன்றத் தலைவர்களை அங்கேயாவது அழைத்து உட்காரவைத்து, மன்றத்தை மீண்டும் திட்டத்தின் நடுவில் வைக்க வழி என்னவென்று பேச வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமைக்கு உரிய மதிப்பைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை, தளத்தில் எத்தனை லட்சம் பேர் பதிந்தார்கள் என்ற கணக்கை எங்களிடம் காட்ட வேண்டாம்.