கிராம சபையும் செய்திதான்

நாமக்கல் என்றாலே முட்டை விலைதான் செய்தி. ஐந்து காசு கூடினாலும் குறைந்தாலும் நாளிதழ்களில் தலைப்பாகிறது. பண்ணைக்காரர்களின் பிழைப்பு அது, அவசியம் வரட்டும். ஆனால், சேந்தமங்கலம் சுற்றுவட்டார ஊராட்சிகளில் கிராம சபை கூடுவதும் செய்திதானே? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கியது தமிழக அரசு. வரவு செலவும் குடிநீரும் சாலையும் பேசப்படும் இடம் அது. ஆடி 17, 18-இல் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவுக்குத் திரளும் கேமராக்கள் இங்கும் வர வேண்டும். போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்று ஊரும் ஊடகமும் சேர்ந்து கேட்டால், அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.