நட்ட கன்றுகள் எங்கே?

இற்றைக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றின் காலையில், எங்கள் ஊர்க் கடனீரேரியின் கரையிலே ஒரு வைபவம் நடைபெற்றது. கண்டற் கன்றுகளை நடும் வைபவம். பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்தார் ஆயிரம் கன்றுகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினர். பந்தல் போடப்பட்டிருந்தது, சிற்றுண்டியும் குறைவின்றி இருந்தது. எமது கல்லூரி மாணவர் நாற்பதின்மரை அழைத்துச் சென்றவன் யான். தமிழாசிரியனை அழைத்துவிட்டுப் பேசவிடாமல் அனுப்புவது நம் நாட்டு வழக்கமன்று. ஆதலால், நெய்தல் நிலத்தையும், அந்நிலத்துக் கண்டலையும் தாழையையும் அடும்பையும் பாடிய சங்கப் புலவரையும் பற்றி இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள்.

பின்னர் மாணவர்கள் முழங்கால்வரை சேற்றில் இறங்கி, கயிறு பிடித்தாற்போன்ற நேர்வரிசையில் கன்றுகளை நட்டனர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடி. புகைப்படம் எடுத்தாயிற்று, பத்திரிகைக்கும் அனுப்பியாயிற்று. சற்றுத் தொலைவிலே, வீச்சுவலையைத் தோளில் மடித்துப் போட்டபடி ஒரு முதியவர் நின்று எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் பந்தலுக்கு அழைக்கவில்லை. யானும் அழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு வகுப்பில் நெய்தற்றிணை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நாங்கள் நட்ட கண்டுகள் இப்ப எவ்வளவு உயரம் வந்திருக்கும்?” என்று கேட்டான். குறும்பாகக் கேட்ட கேள்வியன்று. அறியும் ஆவலினால் கேட்டான். யானோ அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவனல்லன். “பார்த்துச் சொல்லுகிறேன்” என்று சொல்லித் தப்பினேன். அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குச் சென்றேன்.

அங்கே தடிகள் நின்றன. பல சாய்ந்திருந்தன. கன்றுகள் வந்த பொலித்தீன் பைகள் சில சேற்றிலே புதைந்து கிடந்தன. ஆயிரம் கன்றுகளில் ஒன்றேனும் கண்ணிற்படவில்லை.

வலையுடன் நின்ற அதே முதியவர் அன்றும் அங்கே இருந்தார். “ஐயா, என்ன நடந்தது?” என்று கேட்டேன். அவர் கூறியதை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்.

“மாஸ்டர், அண்டைக்கே சொல்லத்தான் நினைச்சனான். பெரிய ஆக்கள் எல்லாரும் வந்து நிண்டவை. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. என்ர அப்புவின்ர காலத்திலையும் இந்த இடத்திலை கண்டல் நிண்டதில்லை. சோளகத்துக்கு இது வத்தி வெடிச்சுக் கிடக்கும். மாரிக்குத் தண்ணி ஏறினால் லேசிலை இறங்காது. மூச்சு விடாமல் ஆர்தான் உயிரோடை நிக்கிறது? அதோடை, நீங்கள் கொண்டந்து நட்டது கண்டல். இஞ்சை நிக்கிறது கண்ணா.”

இவ்வாக்கியங்களில் அடங்கியவற்றை யான் விளங்கிக்கொள்வதற்குச் சில மாதங்கள் சென்றன. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். விஞ்ஞான ஆசிரியராகிய நண்பரைத் தொந்தரவு செய்தேன். கற்றதைச் சுருக்கிக் கூறுகிறேன்.

நாம் பொதுவாகக் கண்டற்காடு என்று கூறுவது ஒரே மரத்தின் கூட்டமன்று. கிளையிலிருந்தும் அடிமரத்திலிருந்தும் வளைந்து இறங்கும் முட்டுக்கால் வேர்களையுடையது கண்டல். அதன் வித்து, தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பின்னர் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். எங்கள் பக்கத்தில் கண்ணா என்றும், நூல்களில் வெண்கண்டல் என்றும் வழங்கும் மரமோ வேறு. அதற்கு முட்டுக்கால் இல்லை. சேற்றினுள்ளிருந்து பென்சிற் கூர்போல மேல்நோக்கி எழும் எண்ணற்ற வேர்கள் அதற்கு மூச்சுவிடும் உறுப்புகள். மிகுந்த உப்பையும் தாங்கும்; உண்ட உப்பை இலைவழியே கக்கிவிடும். மழை குறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடனீரேரிகளில் இம்மரமே மிகுதி. அவ்வாறிருக்க, எல்லாரும் முன்னதையே நடுவது ஏன்? அதன் நீண்ட முளையைச் சேற்றில் குத்திவிட்டால் நடுகை முடிந்தது. சேகரிப்பதும் எளிது, ஏற்றிச் செல்வதும் எளிது. நிலத்துக்கு எது பொருந்தும் என்பதைவிட, லொறிக்கு எது பொருந்தும் என்பதே தீர்மானித்திருக்கிறது.

இன்னொன்று: கண்டல் இனங்கள் நீர் ஏறியும் இறங்கியும் வருகின்ற எல்லையிலே வாழ்பவை. இலங்கையைச் சூழ்ந்த கடலில் நீரேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் அவை வாழத்தகுந்த விளிம்பு மிக ஒடுங்கியது. ஒரு முழம் தாழ்வாக நட்டால் மூழ்கிச் சாகும். ஒரு முழம் மேலாக நட்டால் காய்ந்து சாகும். அவ்விளிம்பு எங்கே இருக்கிறதென்பது அங்கே நாள்தோறும் வலை வீசுகிறவனுக்குத் தெரியும். நாங்கள் நட்டதோ ஆடி மாதத்தில். வெயிலால் நீர் வற்றி உப்பு உச்சத்தில் நிற்கும் காலம். ஜூலை 26 ஆம் திகதி உலகக் கண்டல் தினமாம். அதை ஒட்டியே வைபவம் வைத்தார்கள். கடனீரேரிக்கு அத்திகதி தெரியாது.

எங்கள் ஊரில் மாத்திரம் நிகழ்ந்த அவமானம் இது என்று எண்ணியிருந்தேன். 2017 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் விபரங்களைப் பின்னர் படித்தபோது, ஒருவகையில் ஆறுதலும் ஒருவகையில் அச்சமும் உண்டாயின. றுகுணுப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து, இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களைச் சென்று பார்த்திருக்கின்றனர். நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. மரமாகி நின்றதோ 200 முதல் 220 ஹெக்டேயரே. 9 இடங்களில் ஒரு கன்றும் உயிருடன் இல்லை. நடுகை முயற்சிகளாகக் கணக்கிட்டால், 67 இல் 36 முற்றாக அழிந்தன. நட்டவற்றில் பாதிக்கு மேல் பிழைத்திருந்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. பிழைத்தவற்றுக்கும் பிழையாதவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தவர்கள், நட்டபின் பராமரித்த இடங்களிலேயே கன்றுகள் நின்றன என்று கண்டனர். நட்டுவிட்டுப் போனவர்களின் கன்றுகளை மாடு மிதித்தது; பாசி மூடியது; பொருந்தாத மண் கொன்றது.

இம்முயற்சிகள் பெருகியது 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னராகும். அந்நாளை நம்மவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆழிப்பேரலை ஓய்ந்தபின் கரையோரத்தை ஆராய்ந்தவர்கள், கண்டலும் தாழையும் அடர்ந்து நின்ற சில இடங்களில் அலையின் வேகம் தணிந்ததைக் கண்டு எழுதினர். எத்துணைப் பெரிய அலையையும் மரம் தடுத்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆயினும் செய்தி பரவியது, பணமும் வந்தது, பணம் வந்த வேகத்தில் கன்றுகளும் நடப்பட்டன. நட்ட கன்றுகளின் தொகை அறிக்கையில் ஏறிற்று. மூன்றாண்டு கழித்து எண்ணிப் பார்ப்பதற்கென்று பணம் ஒதுக்கியவர் சிலரே.

நீர்கொழும்பைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். அக்களப்பிலே மரக்கிளைகளை நீரினுள் நெருக்கமாக நாட்டி, அவற்றினிடையே மீன் வந்து தங்கியபின் வலையால் வளைத்துக் கிளைகளை அகற்றிப் பிடிக்கும் பழைய தொழில்முறை ஒன்று உண்டு. அதற்குக் கண்டற்கிளை வேண்டும். வெட்டிக்கொண்டே போனால் கிளைக்கு எங்கே போவது? ஆகவே அம்மீனவர்களே களப்பின் விளிம்புகளில் கண்டலை நட்டு வளர்த்து வந்திருக்கின்றனர். பந்தலும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. அவர்களுக்கு அது பிழைப்பு.

சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பம்பலவின் கதை வேறு. 1980 ஆம் ஆண்டுகளிலிருந்து புத்தளம், சிலாபம் பகுதிகளில் இறாற் பண்ணைகள் பெருகியபோது, கண்டற்காடுகள் பரந்த அளவில் வெட்டப்பட்டுக் குளங்களாயின. பின்னர் இறாலுக்கு நோய் வந்தது. குளங்கள் பல கைவிடப்பட்டன. காடும் போயிற்று, இறாலும் போயிற்று. சிறு மீனவர்களின் சம்மேளனம் ஒன்று பம்பலவில் இருந்துகொண்டே கண்டலைக் காக்கும் பணியை மேற்கொண்டது. 2015 இல், இச்சம்மேளனமும் சீகோலஜி என்னும் அமெரிக்க அமைப்பும் இலங்கை அரசாங்கமும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தன. கரையோரக் கிராமங்கள் 1,500 இல் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் வழங்குவது. அதற்குக் கைமாறாக, அப்பெண்கள் தத்தம் ஊர்க் கண்டலைக் காப்பது. அடுத்த ஆண்டு பம்பலவில் கண்டலுக்கென்றே ஒரு நூதனசாலையும் திறக்கப்பட்டது. கடனைக் கொடுத்துக் காவலைப் பெறுவது எவ்வளவு காலம் நிலைக்கும் என்னும் ஐயம் எனக்கு உண்டு. கடன் தீர்ந்தால் காவலும் தீருமோ என்று நினைப்பதுண்டு. ஆயினும், விறகு வெட்டுகிறவளும் காக்கிறவளும் ஒருத்தியே என்பதைக் கண்டுகொண்ட திட்டம் அது.

அதே பகுதியில், ஆனைவிழுந்தான் சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறாற்குளங்களை மீட்கும் முயற்சியும் நடந்தது. அங்கே முதலில் கன்றை எண்ணவில்லை. நீர் வந்து போகும் வழியைச் சீர்செய்து, இயற்கையாகவே கண்டல் முளைப்பதற்கு இடங்கொடுத்தனர். நீர் வந்தால் வித்தும் அதனுடன் மிதந்து வருமன்றோ? 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை, உலகில் இயற்கையை மீளமைக்கும் முன்னோடித் திட்டங்களைத் தெரிந்தெடுத்தபோது, இலங்கையின் கண்டல் மீளமைப்பையும் அவற்றுள் ஒன்றாக அங்கீகரித்தது.

மீண்டும் எங்கள் ஊர்க் கரைக்கு வருகிறேன். முதியவர் என்னை அழைத்துக்கொண்டு, கரையோரமாக அரைக் கட்டை தூரம் நடந்தார். வழியிலே ஒரு குறுமரத்தைக் கண்டு, கிளையை விலக்கக் கைநீட்டினேன். “மாஸ்டர், தொடாதையுங்கோ! பால் கண்ணிலை பட்டால் கண் போயிடும்” என்று தடுத்தார். என்ன மரம் என்று கேட்டேன். “தில்லை” என்றார்.

யான் நின்றுவிட்டேன். இருபது ஆண்டுகளாகத் தேவாரம் படிப்பிக்கிறேன். தில்லை என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை உச்சரித்திருப்பேன்! சிதம்பரத்தின் தலவிருட்சம் தில்லை என்று பரீட்சைக்கு விடையும் எழுதுவித்திருக்கிறேன். வீட்டிலிருந்து இரண்டு கட்டை தூரத்தில், உப்புச் சேற்றின் ஓரமாக அம்மரம் நிற்பதை அறியேன். முதியவருக்கோ சிதம்பரத்துச் சங்கதி தெரியாது. சொன்னேன். மரத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்பிடியோ?” என்று மட்டும் சொன்னார்.

அவர் காட்ட அழைத்துச் சென்றது அதுவன்று. வாய்க்கால் ஒன்று கடனீரேரியுடன் கலக்குமிடத்தில் பழைய கண்ணா மரங்கள் ஏழெட்டு நின்றன. அவற்றின் அடியிலே விரலளவு உயரத்தில் நூற்றுக்கணக்கான முளைகள். எல்லாம் நுனி கறித்தவை. “ஒவ்வொரு மாரிக்கும் முளைக்கும், ஒவ்வொரு கோடைக்கும் ஆடு தின்னும். ஆட்டை மறிச்சால் காணும். நட வேண்டாம்” என்றார்.

ஆட்டை மறிப்பது ஆயிரம் கன்று நடுவதைவிடக் கடினமான காரியம். ஆடுகள் அக்கரையோரத்துக் குடும்பங்களுடையவை. அவர்களுக்கு அது மேய்ச்சல் நிலம். யான் சென்று பேசியபோது மரியாதையாகக் கேட்டார்கள்; ஆடுகள் வழக்கம்போல் வந்தன. முதியவர் சென்று பேசியபோது சண்டை நடந்தது; சண்டையின் பின் உடன்பாடும் வந்தது. தெற்குப் பக்கம் மேய்ச்சலுக்கு, வாய்க்கால் வாய் கண்ணாவுக்கு. உரிய இடத்தில் அனுமதி பெற்று, பனைமட்டையால் வேலி அடைத்தோம். மாணவர்கள் மட்டை சுமந்தனர். கரையூர்ப் பெடியள் கட்டினர். கேள்வி கேட்ட மாணவனே முதல் இரண்டு ஆண்டும் மாதந்தோறும் போய் எண்ணி, ஒரு கொப்பியில் எழுதி வந்தான். முதலாம் ஆண்டு வேலியின் ஒரு பக்கத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. முளைகளில் பாதிக்கு மேல் போயின. கொப்பியில் அதுவும் இருக்கிறது.

அம்மாணவன் இப்பொழுது பேராதனையில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் சென்ற வாரம் என்னையும் அழைத்துக்கொண்டு கரைக்குப் போனான். வேலிக்குள் எண்ணினோம்: நெஞ்சளவுக்கு மேல் வளர்ந்தவை நாற்பத்தாறு, சிறியவை எண்ணி முடியவில்லை. முன்பு ஆயிரம் நட்ட இடத்துக்கும் போனோம். தடிகள் இப்போது இல்லை. வற்றிய சேற்றில் கொக்குகளும் சிறு பறவைகளும் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. நல்ல வேளையாக நம் கன்றுகள் சாகவேண்டிய இடத்தில் செத்தன என்று அவன் சொன்னபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

முதியவருக்கு இப்பொழுது கண் அவ்வளவாகத் தெரியாது. எங்கள் குரலைக் கேட்டுத் திண்ணையில் இருந்தபடியே கூப்பிட்டார். “மாஸ்டர், மேற்குப் பக்கத்து வேலி இத்துப்போச்சு. மாரிக்கு முன்னம் அடைக்க வேணும். போன முறை கொண்டந்த நூறு மட்டை காணாது. நூற்றைம்பதாய்க் கொண்டு வாங்கோ.”

பனைமட்டை இன்று என்ன விலைக்கு விற்கிறதென்று இனித்தான் விசாரிக்க வேண்டும்.