குமிழுக்கு ஒரு விலையா?

டிஜிட்டல் முறையில் ஒலியளவைக் குறைத்தால் இசை சிதையும் என்று அச்சுறுத்தி, ஓய்வூதியக்காரனான என் தலையில் விலையுயர்ந்த குமிழ்ப் பெருக்கியொன்றைக் கட்ட முயன்றார் ஒரு கடைக்காரர். ஒரு காலத்து உண்மையை இன்றைய பொய்யாக்கி விற்கிறார்கள்.

1982 இல் சந்தைக்கு வந்த இறுவட்டு 16 பிட் கொண்டது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல். அந்த 16 பிட்டுக்குள்ளேயே 24 டெசிபெல் குறைத்தால் 4 பிட் பறிபோகும். தேய்ந்து மறையும் வீணை நாதம் கரகரக்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் இன்றைய கருவிகள் பெரும்பாலும் 24 பிட்டிலோ அதற்கு மேலோ கணக்கிடுகின்றன. 48 டெசிபெல் குறைத்தாலும் கணக்கில் 16 பிட் எஞ்சும். (பெருக்கியின் சொந்த இரைச்சல் வேறு விடயம்.)

அவர் போற்றிய குமிழின் யோக்கியதையை நான் அறிவேன். குறைந்த ஒலியில் இடமும் வலமும் ஒத்துப்போகா. என் பழைய பெருக்கியில், நள்ளிரவில் பாடகர் இடப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். அதைச் சொன்னேன். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.