விடியுமுன் பறிபோகும் அறிவு

"மூதேவி! இன்னும் என்ன தூக்கம்?"

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் விடியற்காலைதோறும் ஒலிக்கும் பள்ளியெழுச்சி இதுதான். தலைநகர்ச் சென்னையிலும் ஒலிக்கிறது. உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கத்திலும் ஒலிக்கிறது. ஏசுவோர் பகைவரல்லர், பெற்றோர். தாம் பட்ட பாட்டைத் தம் மக்கள் படக்கூடாதே என்ற ஏக்கத்தால் ஏசுகின்றனர். அந்த ஏக்கத்திற்குத் தலை வணங்குகிறோம். ஆனால், 'எழாத பிள்ளை சோம்பேறி' என்று அவர்கள் வழங்கும் தீர்ப்பை ஏற்பதற்கில்லை, தோழர்களே! ஏனெனில், அறிவியல் வேறு தீர்ப்பு வழங்கியிருக்கிறது.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்கா வரை போவானேன்? நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வௌவால்களின் வாழ்க்கைத் தாளத்தை ஆராய்ந்தார். பொழுதை அறிய வழியில்லாத தனியிடத்தில் மனிதர்களை இருத்தி, அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் ஆராய்ந்தார். கதிரவனைக் காணாத நிலையிலும் உடல் தன் தாளத்தைத் தானே போட்டுக்கொள்கிறது என்பது, இத்தகைய ஆராய்ச்சிகள் உலகுக்கு உணர்த்திய உண்மை.

அந்தக் கடிகாரம் எல்லா வயதிலும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. பருவமெய்தும் வயதில் அது பின்னோக்கி நகர்கிறது. இரவு வந்ததென்று உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு, சிறுவர்க்குச் சுரப்பதைவிடக் காலந்தாழ்ந்தே வளரிளம் பருவத்தினர்க்குச் சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே உறக்கமும் காலந்தாழ்ந்தே வருகிறது. ஏறத்தாழ இருபது வயது வரை இந்த நிலை வளர்ந்து, பிறகு மெல்ல மாறுகிறது. ஐம்பது வயதில் அப்பாவுக்கு நாலு மணிக்கே விழிப்பு வருவதும், பதினாறு வயதில் மகனுக்கு அது வராததும் இயற்கையின் ஏற்பாடு. ஒருவர் உழைப்பாளி, மற்றவர் சோம்பேறி என்பதற்கு அது சான்றன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டுமென்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. இரவு 11 மணிக்குக் கண்ணயர்ந்து 4.30 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் குறைவு. ஆறு நாளில் 15 மணி நேரம்! கந்துவட்டிக் கடனைப் போல் ஏறும் இந்தக் கடனை யார் அடைப்பது?

மூளைதான் அடைக்கிறது. கவனம் சிதறுகிறது. படித்த பாடத்தை மூளை பதியவைப்பது உறக்கத்தில். கனவோடு கூடிய உறக்கம் மிகுந்திருப்பது இரவின் கடைப்பகுதியில். அதைத்தானே நாம் வெட்டி எறிகிறோம்? நாளுக்கு ஆறு மணி நேரமே உறங்கவிடப்பட்ட வயது வந்தோர், இரண்டு வாரத்தில், முழு இரவுகள் கண்விழித்தவர்களைப்போல் தடுமாறியதை 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தங்கள் திறன் அவ்வளவு தேய்ந்துவிட்டதென்று அவர்களே உணரவில்லை என்பதுதான் கொடுமை! உறக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு அறிவை ஊட்ட முயல்வது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகும்.

"எங்கள் பாட்டன் சேவல் கூவியதும் எழவில்லையா?" என்பார் உண்டு. எழுந்தார். ஆனால் விளக்கணைந்ததும் படுத்தார். இன்று மின்விளக்கும் செல்பேசியும் படுக்கும் நேரத்தைப் பின்னே தள்ளிவிட்டன. எழும் நேரமோ பாட்டன் காலத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே நசுங்குவது பிள்ளை. படுக்கைக்குப் போகுமுன் செல்பேசியை அப்பால் வைக்கச் சொல்லுங்கள், நாமும் வைப்போம். ஆனால் பழி முழுவதையும் செல்பேசியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

"நேரம் கொடுத்தால் இன்னும் கண்விழித்துக் கூத்தடிப்பார்கள்" என்பாரும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மாணவர் கூத்தடித்தனரா? இல்லை; முன்னிலும் 34 நிமிடம் கூடுதலாக உறங்கினர். கலிஃபோர்னியா மாநிலம் 2019இல் சட்டமே இயற்றி, 2022 முதல் பொதுவாக உயர்நிலைப் பள்ளிகள் 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என்றாக்கியது.

நம் நாட்டுப் பள்ளி மணி அவ்வளவு விரைவாக அடிப்பதில்லையே எனலாம். உண்மை. நம்மிடம் பிள்ளையை வதைப்பது பள்ளி மணியன்று. அதற்கு முன்னே வரும் சிறப்பு வகுப்பும், தனிப்பயிற்சியும், விட்டால் கிடைக்காத பேருந்துமே. வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளை காரில் கண்ணயர்ந்தபடி போகும். குக்கிராமத்து ஏழையின் பிள்ளை முதல் பேருந்துக்கு இருட்டில் நடக்கும். பெண்பிள்ளையாயின், நீர் பிடித்து, வாசல் தெளித்து, அடுப்பு மூட்டிய பிறகே புத்தகத்தைத் தொடும். உறக்கத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு, தோழர்களே!

உழைப்பாளிக்கு ஓய்வு உரிமை என்று முழங்கிய மண் இது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். சிறுவரிடம் இரவு வேலை வாங்கலாகாதென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆலையில் கூடாதென்றது பள்ளியின் பெயரால் மட்டும் கூடுமோ?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. நிலமும் மறைக்கல்வியும் உடையோர்க்கே இடமளித்த சபை அது. எனினும் குடத்திலிருந்து ஓலை எடுக்க, சூதறியாச் சிறுவன் ஒருவனையே அழைத்தனர். அன்று ஊராட்சியைத் தீர்மானிக்கச் சிறுவனின் கை வேண்டியிருந்தது. இன்று சிறுவனின் பொழுதைத் தீர்மானிக்கும்போது அவனை ஒரு சொல் கேட்பாரில்லை!

கேட்க வைப்போம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதிலே பெற்றோர் இருக்கின்றனர். வாக்காளர் அனைவர்க்கும் உரிய கிராம சபை இருக்கிறது. அங்கே எழுந்து பேசுங்கள். காலைச் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றுக. மாற்ற இயலாதெனில் வாரத்தில் சில நாளேனும் விடுக. பள்ளி நேரத்திற்கு ஏற்பப் பேருந்து விடுக என்று கோருங்கள். செலவு பெரிதில்லை, சிந்தனைதான் தேவை.

படிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் படித்தே தீர வேண்டும். தெளிந்த கண்ணோடும், விழித்த மூளையோடும் படிக்கட்டும். அதற்காகவேனும், விடியும் வரை அவர்களை உறங்க விடுவோம்!